டிகாஷன்

புளி, உப்பு, ஈரமணல், சாணிப்புகை:
எங்கள் கடையின் மூதாதையர் இவர்கள்தாம்.
காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில்
லத்தீப் பாய் கடையின் பின்கட்டு.
போன மாதம் வார்த்த குத்துவிளக்குக்குப்
பத்தே நாளில் நூறு வயதாகும் இடம்.

காகிதம் என்றால் தேயிலை.
பால் படாத கடுஞ்சாயம்,
ஆறவைத்துப் பஞ்சில் தொட்டு
ஓரத்திலிருந்து உள்ளே வர வேண்டும்.
நடுவில் தொடங்கினால் கறை.
ஓரத்தில் தொடங்கினால் காலம்.

"டிகாஷன் போட்டாச்சா, சேவுகா?" என்பார் பாய்.
வயசு ஏற்றியாச்சா என்று அர்த்தம்.
அவ்வளவுதான் அந்தச் சொல்லின் ஜாதகம்:
தாய் ஓர் அலுமினியச் சட்டி,
தகப்பன் அவசரம்.

பிறகு அது பொருளிலிருந்து இறங்கி
ஆளின் மேல் ஏறியது.
"காசு பெரிசில்லைங்க, வீட்டு ஞாபகம்தான்" என்று
நிலைக்கதவைத் தடவிக் கண்கலங்கினார் ஒரு பங்காளி.
பாய் என்னைப் பார்க்காமலே முணுமுணுத்தார்:
டிகாஷன்.
பொழுது சாய்வதற்குள் கதவு வண்டியேறியது.

அதன்பின் எங்கும் அதுதான்.
இழவு வீட்டில் கைக்கடிகாரம் பார்த்து அழுகிறவர்,
"சாப்பிட்டுத்தான் போகணும்" என்றபடி
நம் செருப்பை வாசல் நோக்கித் திருப்பி வைப்பவர்,
எல்லாருக்கும் ஒரே சாயம்.

செக்காலை ரோட்டு ஆட்டோக்காரர்கள் கதை வேறு.
எவனோ ஒரு காபிக்கடைக்காரன்
இரண்டாம் டிகாஷனை முதலென்று விற்றானாம்,
அதில் பிறந்ததாம் சொல்.
தேவகோட்டையில் அதையும் மறுக்கிறார்கள்;
நிறம் உண்டு, பால் இல்லை, அதுதான் பொருள் என்று
ஒரு வாத்தியார் கரும்பலகையில் எழுதியே காட்டினாராம்.
நான் திருத்தப் போகவில்லை.
பெரிய வீட்டைப் போலச் சொல்லுக்கும்
பங்காளிகள் அதிகம்.

ஆனால்
சட்டியில் முதலில் நனைந்த முகம்
யாருடையதென்று எனக்குத் தெரியும்.

அப்பா பெயர் அடைக்கலம். சந்தையில் மூட்டை தூக்கினார்.
ஆயுளுக்கும் ஒரே ஒரு படம்.
ஸ்டுடியோக்காரர் ஆணியில் மாட்டியிருந்த
எல்லாருக்குமான கோட்டைப் போட்டு,
தொளதொளப்பு தெரியாமலிருக்க
முதுகில் ஊக்குக் குத்தி எடுத்தது.
அவர் போன மறுவருஷம்
பெரிதாக்க எடுத்து வந்தேன்.
பாய் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார்.
"ரங்கூன் போயி வந்த முகம்டா. யாரு இது?"

"தெரியாது பாய்.
பழைய பேப்பரோட வந்துச்சு."

அறுநூறு ரூபாய்.
பஞ்சை எடுத்தேன்.
கோட்டின் ஓரம், தோள், காது,
கடைசியாகக் கண்.

ஆறு வருஷம் கழித்துக் கானாடுகாத்தானில்
ஹோட்டலாகிவிட்ட ஒரு வீட்டுக்கு
அலமாரி இறக்கப் போனோம்.
வரவேற்பு மேஜைக்கு மேலே
தேக்குச் சட்டத்துக்குள் அப்பா.
நெற்றியில் சந்தனம். மல்லிகைச் சரம், அன்றைக்குக் கட்டியது.
கீழே பித்தளைத் தகட்டில் பெயர்:
மெய்யப்பன்.

"இந்த வீட்டைக் கட்டினவுக" என்று
வெள்ளைக்காரத் தம்பதிக்கு அவர்கள் மொழியில் சொல்லிவிட்டு
எங்களுக்காகத் தமிழிலும் சொன்னாள்
மேஜையில் இருந்த பெண்.

கயிற்றை விட்டுவிட்டேன்.
கை தானாகக் குவிந்தது.
எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை.
அவள் சிரித்தாள்.
"யாரு பெத்த தாத்தாவுக்கோ இம்புட்டுக் கும்பிடா?
செம டிகாஷன்ணே நீங்க."

கோபம் வரவில்லை.
அந்தச் சொல்லை எங்கே பிடித்தாய் என்று மட்டும் கேட்டேன்.
"இதென்னண்ணே கேள்வி,
எங்க ஊர்ல பாட்டன் காலத்துலருந்து சொல்றதுதான்."

ஓரத்திலிருந்து தொடங்கியிருக்கிறார்கள். நல்ல வேலை.

அலமாரியை இன்னும் கொஞ்சம்
இடப்பக்கம் நகர்த்தச் சொன்னாள்,
படம் மறைக்கிறதாம்.
நகர்த்தினோம்.